வாயிலின் மேல் விழும் பாரம்

ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர்

சுவர் எழுப்புவதைக் காட்டிலும், எழுப்பிய சுவரில் வாயிலும் ஜன்னலும் வைப்பதே கடினமான வேலை என்பதை அனுபவமுள்ள கொத்தனார் எவரும் ஒப்புக்கொள்வர். சுவரின் பாரம் நேராக அடித்தளத்திற்கு இறங்குவது இயல்பு. ஆனால் ஜன்னல் வைத்த இடத்தில் கீழே சுவர் இல்லை, வெற்றிடமே இருக்கிறது. அந்த வெற்றிடத்தின் மேலுள்ள பாரத்தை ஏந்தி, இரு பக்கச் சுவர்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்க ஒரு குறுக்கு விட்டம் தேவைப்படுகிறது. இதனையே கொத்தனார்கள் ‘லிண்டல்’ என்று வழங்குகின்றனர்.

நம் கிராமங்களில் குடிசைகளும் ஓட்டு வீடுகளும் காங்கிரீட் தளமிட்ட வீடுகளாக மாறி வருகின்றன. 2010-ஆம் ஆண்டில் தொடங்கிய கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரியின் ஊரகக் குடியிருப்புத் திட்டம், 2024-ஆம் ஆண்டில் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் ஆகிய திட்டங்கள் இம்மாற்றத்தை விரைவுபடுத்தியுள்ளன. இவ்வீடுகளில் பலவற்றைப் பயனாளிகளே முன்னின்று கட்டுகின்றனர். லிண்டலுக்கு எத்தனை கம்பி, எவ்வளவு கனம் என்ற முடிவு பெரும்பாலும் வேலையிடத்திலேயே, “இதுவரை இப்படித்தான் போட்டோம்” என்ற வழக்கத்தை ஒட்டி எடுக்கப்படுகிறது. ஓட்டு வீட்டிற்குப் போதுமானதாக இருந்த அவ்வழக்கம் தளமிட்ட வீட்டிற்குப் போதுமா என்பதை ஆராய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்குத் தேவையான கணக்கு பெருக்கலும் வகுத்தலுமே. பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளும் போடக்கூடியது.

மரமும் கல்லும் காங்கிரீட்டும்

முன்னாளில் வாயில் நிலையின் மேல் பனஞ்சட்டமோ வேறு வைரம் பாய்ந்த மரமோ வைத்துச் சுவர் எழுப்பினர். கல் கிடைக்கும் ஊர்களில் கருங்கல் பலகையைக் குறுக்கே இட்டனர். பழைய கச்சேரிகளிலும் சத்திரங்களிலும் செங்கல்லை வளைவாக அடுக்கி, விட்டமே இல்லாமல் பாரத்தை இரு புறமும் இறக்கினர். இம்மூன்று முறைகளும் நல்லவையே. ஆயினும் ஒவ்வொன்றிற்கும் ஓர் எல்லை உண்டு. மரத்தைக் கரையான் அரிக்கும். கருங்கல் அமுக்கத்தை மிக நன்றாகத் தாங்கும்; இழுப்பைத் தாங்குவதோ அதில் சிறு பங்கே. நம் கோயில் மண்டபங்களில் தூண்களை நெருக்கமாக நிறுத்தியிருப்பதன் காரணம் இதுவே. வளைவு கட்டுவதற்குக் கைதேர்ந்த கொத்தனாரும், இரு பக்கமும் கனத்த சுவரும் வேண்டும்.

இக்காலத்தில் பெரும்பாலும் கம்பியிட்ட காங்கிரீட் லிண்டலே போடப்படுகிறது. பாரம் ஏறும்போது விட்டம் நடுவில் கீழ்நோக்கி வளைய முயல்கிறது. அப்போது அதன் மேற்பகுதி அமுங்குகிறது; கீழ்ப்பகுதி இழுபடுகிறது. காங்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஆதலால் இழுப்பைத் தாங்குவதற்குக் கீழ்ப்பகுதியில் எஃகுக் கம்பி வைக்கிறோம். எத்தனை கம்பி வைப்பது என்பது, எவ்வளவு பாரம் வருகிறது என்பதைப் பொறுத்தது.

முக்கோண விதி

ஜன்னலுக்கு நேர் மேலேயுள்ள சுவர் முழுவதும் லிண்டலின் மேல் விழுகிறதா என்றால், எப்போதும் விழுவதில்லை. செங்கற்கள் ஒன்றின் மேல் ஒன்று இணைப்பு மாறி அமர்ந்திருப்பதால், மேலிருந்து வரும் பாரம் வளைவு போலத் திரும்பி இரு பக்கச் சுவர்களுக்கும் சென்றுவிடுகிறது. பழைய சுவரில் ஜன்னல் நிலையைப் பெயர்த்தெடுக்கும்போது, மேலே சில செங்கற்கள் கூம்பு வடிவில் உதிர்ந்து, அதற்கு மேலுள்ள சுவர் அப்படியே நிற்பதைப் பலர் கண்டிருக்கக்கூடும். உதிர்ந்த அப்பகுதியே உண்மையில் லிண்டல் சுமக்க வேண்டிய பகுதி.

இதனைப் பொறியாளர்கள் ஒரு விதியாக வகுத்துள்ளனர். லிண்டலின் நீளத்தை அடிப்பக்கமாகக் கொண்டு, மூன்று பக்கங்களும் சமமான ஒரு முக்கோணத்தை அதன் மேல் வரைய வேண்டும். அம்முக்கோணத்தினுள் அடங்கும் சுவரின் எடையே லிண்டலின் மேல் வரும் பாரம். முக்கோணத்தின் உயரம், அடிப்பக்க நீளத்தை 0.866 ஆல் பெருக்கினால் கிடைக்கும்.

இவ்விதி பொருந்துவதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு.

1. லிண்டலுக்கு மேல், முக்கோணத்தின் உயரத்தைப் போல் ஒன்றேகால் பங்கு உயரத்திற்கேனும் சுவர் இருக்க வேண்டும். அவ்வுயரத்திற்குள் தளமோ, உத்தரமோ, வேறு திறப்போ இருத்தல் ஆகாது.

2. திறப்பின் இரு புறமும், லிண்டல் நீளத்தில் பாதியளவேனும் முழுச் சுவர் இருக்க வேண்டும். வளைவு போலத் திரும்பிவரும் பாரத்தின் உந்துதலைத் தாங்குவது அச்சுவரே.

3. சுவரின் சாந்து நன்கு இறுகியிருக்க வேண்டும். பச்சைச் சுவரில் இந்த வளைவுச் செயல் ஏற்படாது.

முதற் கணக்கு: உயர்ந்த சுவர்

ஒரு தானியக் கிடங்கின் பக்கச் சுவரை எடுத்துக்கொள்வோம். கூரையின் பாரம் இச்சுவரில் இறங்கவில்லை. சுவரின் கனம் 23 சென்டிமீட்டர், அதாவது ஒன்பது அங்குலம். ஜன்னலின் அகலம் 1.20 மீட்டர், அதாவது நான்கு அடி. லிண்டலுக்கு மேல் ஒன்றரை மீட்டருக்கும் அதிகமாகச் சுவர் எழும்பியிருக்கிறது. லிண்டல் இரு புறமும் 15 சென்டிமீட்டர் சுவரில் அமர்கிறது. அவ்வாறு அமரும் பகுதிகளின் நடுவிலிருந்து நடுவரை அளந்தால் 1.35 மீட்டர் வரும். இதனையே கணக்கிற்குரிய நீளமாகக் கொள்ள வேண்டும்.

முக்கோணத்தின் உயரம்: 1.35 × 0.866 = 1.17 மீட்டர்.
பரப்பு: 1.35 × 1.17 ÷ 2 = 0.79 சதுர மீட்டர்.
கன அளவு: 0.79 × 0.23 = 0.18 கன மீட்டர்.

செங்கல் கட்டடத்தின் எடை கன மீட்டருக்குச் சுமார் 2,000 கிலோ. ஆகவே முக்கோணச் சுவரின் எடை சுமார் 363 கிலோ. லிண்டலின் கனம் 15 சென்டிமீட்டர் என்றால், கன மீட்டருக்கு 2,500 கிலோ வீதம் அதன் சொந்த எடை சுமார் 116 கிலோ. மொத்தம் 479 கிலோ. ஏறத்தாழ ஆறு நெல் மூட்டைகளின் பாரம் என்று கொள்ளலாம்.

இரண்டாம் கணக்கு: தளமிட்ட வீடு

அதே ஜன்னலை இப்போது நாம் கட்டும் சிறிய தள வீட்டில் வைப்போம். தரையிலிருந்து லிண்டலின் அடிப்பக்கம் 2.10 மீட்டர், தளத்தின் அடிப்பக்கம் 3 மீட்டர். லிண்டலின் 15 சென்டிமீட்டரைக் கழித்தால், அதற்கும் தளத்திற்கும் இடையேயுள்ள சுவர் 75 சென்டிமீட்டரே. முக்கோணத்திற்கு வேண்டிய உயரமோ 117 சென்டிமீட்டர். முக்கோணம் முற்றுப்பெறுவதற்கு முன்னரே தளம் குறுக்கிட்டுவிடுகிறது. முதல் நிபந்தனை இங்கே தவறுகிறது. எனவே முக்கோண விதியை விடுத்து, லிண்டலுக்கு நேர் மேலுள்ள சுவர் முழுவதையும், தளத்தின் பாரத்தையும் சேர்த்துக் கணக்கிடுவதே பாதுகாப்பான வழி.

அறையின் அகலம் சுவர் நடுவிலிருந்து சுவர் நடுவரை 3 மீட்டர் எனவும், தளம் அந்த அகலவாக்கில் இரு நெடுஞ்சுவர்களின் மேல் அமர்கிறது எனவும் கொள்வோம். நம் ஜன்னல் அந்நெடுஞ்சுவர் ஒன்றில் இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் தளத்தின் பாரம் வருமாறு:

12 சென்டிமீட்டர் காங்கிரீட் தளம் — 300 கிலோ
தளத்தின் மேல் போடும் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவையும் தட்டோடும் — சுமார் 200 கிலோ
ஆள் நடமாட்டம், மிளகாய் காயவைத்தல் முதலியவற்றிற்கு — 150 கிலோ
ஆக — 650 கிலோ

தளத்தின் பாதி ஒரு சுவருக்கும் மறுபாதி எதிர்ச் சுவருக்கும் செல்லும். ஆகவே ஜன்னலுள்ள சுவருக்கு, ஒரு மீட்டர் நீளத்திற்கு 650 × 1.5 = 975 கிலோ வருகிறது. மாடியைச் சுற்றி 60 சென்டிமீட்டர் உயரத்தில் அரைச் செங்கல் கைப்பிடிச் சுவர் இருந்தால், அது மீட்டருக்கு 138 கிலோ. இனி 1.35 மீட்டர் நீளமுள்ள லிண்டலின் மேல் வரும் மொத்தப் பாரத்தைக் கூட்டுவோம்:

தளம் — 1,316 கிலோ
லிண்டலுக்கு மேலுள்ள சுவர் — 466 கிலோ
கைப்பிடிச் சுவர் — 186 கிலோ
லிண்டலின் சொந்த எடை — 116 கிலோ
மொத்தம் — 2,084 கிலோ

அதே ஜன்னல், அதே கனமுள்ள சுவர். ஆயினும் பாரம் 479 கிலோவிலிருந்து இரண்டு டன்னுக்கும் மேலாக, அதாவது நான்கு மடங்கிற்கும் மேலாக உயர்ந்துவிட்டது. தாழ்வான தள வீட்டில் சுவர் குறைவு, ஆதலால் லிண்டலுக்குப் பாரமும் குறைவு என்று எண்ணுவது இயல்பு. உண்மையோ இதற்கு நேர்மாறானது. மேலே சுவர் உயரமாக இருந்தால் பாரத்தைத் திருப்பிவிடும். சுவர் குறைந்தால் தளமே லிண்டலின் தலையில் அமர்ந்துவிடும்.

தளத்தின் பாரம் இறங்காத பக்கச் சுவர்களில் இவ்வளவு வருவதில்லை. ஆதலால் தளக் கம்பிகளுள் முதன்மையானவை எந்தச் சுவரிலிருந்து எந்தச் சுவருக்குச் செல்கின்றன என்பதை அறிந்துகொண்ட பின்னரே ஜன்னல்களைப் பற்றி முடிவு செய்தல் நலம். அகலமான ஜன்னலைப் பாரம் குறைந்த பக்கச் சுவரில் வைப்பது செலவில்லாத பாதுகாப்பு.

கம்பியின் கணக்கு

பாரம் விட்டத்தை வளைத்து முறிக்க முயலும் ஆற்றலைப் பொறியாளர் ‘வளைப்புத் திறன்’ என்பர். பாரம் நீளம் முழுவதும் சமமாகப் பரவியிருந்தால் மொத்தப் பாரத்தை நீளத்தால் பெருக்கி 8 ஆல் வகுக்க வேண்டும். முக்கோண வடிவில் நடுவில் மிகுந்திருந்தால் 6 ஆல் வகுக்க வேண்டும். முதற் கணக்கில் இது சுமார் 101 கிலோ-மீட்டர். இரண்டாம் கணக்கில் 352 கிலோ-மீட்டர். அதாவது மூன்றரை மடங்கு.

விதிப்படி பாரத்தை ஒன்றரை மடங்காக உயர்த்திக் கணக்கிட்டால், 15 சென்டிமீட்டர் கனமுள்ள லிண்டலுக்கு முதல் நிலையில் அடிப்பகுதியில் இரண்டு 8 மில்லிமீட்டர் கம்பிகள் போதும். இரண்டாம் நிலையில் கம்பியின் தரத்தைப் பொறுத்து 110 முதல் 135 சதுர மில்லிமீட்டர் எஃகு தேவைப்படுகிறது. இரண்டு 8 மில்லிமீட்டர் கம்பிகளின் பரப்பு 100 மட்டுமே, போதாது. இரண்டு 10 மில்லிமீட்டர் கம்பிகளின் பரப்பு 157, போதும். இவ்வளவு சிறிய வேறுபாடே ஒரு வீட்டின் பாதுகாப்பை முடிவு செய்கிறது. இரண்டுக்குமுள்ள செலவு வேறுபாடோ ஒரு ஜன்னலுக்கு இரண்டு கிலோ எஃகுக்கும் குறைவு.

லிண்டல் சுவரில் அமரும் இடத்தையும் கவனிக்க வேண்டும். 2,084 கிலோவில் பாதி, அதாவது 1,042 கிலோ, ஒவ்வொரு முனையிலும் இறங்குகிறது. 15 சென்டிமீட்டர் அமர்ந்தால் சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ வீதம் செங்கல்லை அமுக்கும். 20 சென்டிமீட்டர் அமர்ந்தால் 2.3 கிலோவாகக் குறையும். சரியாக வேகாத நாட்டுச் செங்கல்லில் கட்டிய சுவராயின் 20 சென்டிமீட்டருக்குக் குறையாமல் அமர்த்துதல் விரும்பத்தக்கது.

அகலம் கூடினால்

திறப்பின் அகலத்தை இரு மடங்காக்கினால் லிண்டலின் பாரமும் இரு மடங்குதானே என்று பலர் கருதுகின்றனர். முக்கோண விதி பொருந்தும் சுவரில் நீளம் இரு மடங்கானால் சுவரின் பாரம் நான்கு மடங்காகும். வளைப்புத் திறன் எட்டு மடங்காகும். தளம் நேரே அமரும் சுவரில் பாரம் இரு மடங்கும், வளைப்புத் திறன் நான்கு மடங்குமாகும்.

வீட்டின் முன்னறையைக் கடையாக மாற்றி, 3 மீட்டர் அகலத்திற்குச் சுருள் கதவு வைப்பதை இன்று பல ஊர்களில் காண்கிறோம். மேற்கூறிய தள வீட்டின் சுவரில் அவ்வாறு திறந்தால், விட்டத்தின் சொந்த எடை நீங்கலாகவே சுமார் 4,670 கிலோ பாரம் வரும். வளைப்புத் திறன் 1,860 கிலோ-மீட்டரைத் தாண்டும். இது நான்கு அடி ஜன்னலுக்குரியதைப் போல் ஐந்து மடங்கிற்கும் மேல். இதனை 15 சென்டிமீட்டர் லிண்டல் தாங்காது. இங்கே தேவைப்படுவது தகுந்த ஆழமும் கம்பியும் கொண்ட உத்தரம். அதனைப் பொறியாளரே வடிவமைக்க வேண்டும்.

சிறப்பாகக் கவனிக்க வேண்டியவை

தண்ணீர்த் தொட்டி: 500 லிட்டர் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 500 கிலோ. முதற் கணக்கில் கண்ட மொத்தப் பாரத்தைவிட இது அதிகம். குழாய் போடுவதற்கு எளிது என்பதற்காக ஜன்னலுக்கு நேர் மேலே தொட்டியை வைத்தல் கூடாது. கீழே முழுச் சுவர் உள்ள இடத்திலோ, இரு சுவர்கள் சேரும் மூலையிலோ வைத்தல் வேண்டும்.

உத்தரம்: ஓட்டு வீடுகளில் கூரையின் உத்தரம் வாயிலுக்கு நேர் மேலே சுவரில் அமருமாறு விடக்கூடாது. அரைக் கூரையின் பாரம் ஒரே புள்ளியில் இறங்கும். இயன்றவரை வாயிலை நகர்த்தி வைக்க வேண்டும்.

மூலை ஜன்னல்: மூலையை ஒட்டி ஜன்னல் வைத்தால் ஒரு பக்கம் போதிய சுவர் இராது. இரு ஜன்னல்களை நெருக்கி வைத்து, இடையில் ஒரு முழம் சுவர் மட்டும் விட்டால், இரு லிண்டல்களின் பாரமும் அக்குறுகிய சுவரிலேயே இறங்கும். இவ்விடங்களில் முக்கோண விதியை நம்பலாகாது.

பச்சைச் சுவர்: லிண்டலின் அடிப்பலகைக்குக் கொடுத்த முட்டுகளை அவசரப்பட்டு எடுத்தல் தவறு. காங்கிரீட் முதிர்வதற்கும், மேலுள்ள சாந்து இறுகுவதற்கும் நாட்கள் வேண்டும். முட்டுகள் பதினான்கு நாட்களேனும் இருத்தல் நலம். அந்நாட்களில் தண்ணீர் விட்டு ஈரம் காத்தல் இன்றியமையாதது.

சன்ஷேடு: லிண்டலோடு சேர்த்து வெளியே நீட்டிப் போடும் சன்ஷேடு முனையில் தொங்கும் இயல்புடையது. ஆதலால் அதில் இழுப்பு மேற்பக்கத்தில் ஏற்படுகிறது. கம்பியும் மேற்பக்கத்திலேயே இருக்க வேண்டும். காங்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்து அக்கம்பி கீழே இறங்கிவிட்டால், கம்பி இருந்தும் பயனில்லை. மேலும், லிண்டலின் மேல் சுவர் எழும்பி அதனை அழுத்திப் பிடிப்பதற்கு முன்னர் சன்ஷேடின் முட்டுகளை எடுத்தால், லிண்டலோடு அது புரண்டு விழக்கூடும்.

ஓட்டை எடுத்துத் தளம் போடுவோருக்கு

மங்களூர் ஓட்டின் எடை சதுர மீட்டருக்குச் சுமார் 65 கிலோ. காங்கிரீட் தளமும் அதன் மேல் போடும் ஓடும் சேர்ந்து 500 கிலோ. பழைய சுவர் நன்றாக இருக்கிறதே என்று, கூரையை மட்டும் பிரித்துத் தளம் போடுபவர் அச்சுவரின் மேல் ஏறத்தாழ எட்டு மடங்கு பாரத்தை ஏற்றுகிறார். அடித்தளமும் சுவரும் அதனைத் தாங்குமா என்பது ஒரு கேள்வி. பழைய மர லிண்டல் தாங்குமா என்பது அதனினும் அவசரமான கேள்வி. பூச்சுக்குள் மறைந்திருக்கும் மரத்தைக் கரையான் அரித்திருந்தால் வெளியே தெரியாது. ஆதலால் தளம் போடுவதற்கு முன்னர் ஒவ்வொரு வாயிலின் மேலும் பூச்சைத் தட்டிப் பார்த்து, மர விட்டம் இருந்தால் அதனை மாற்றுதல் வேண்டும். மாற்றும்போது மேலுள்ள சுவருக்குக் குறுக்கே முட்டுக் கொடுத்துவிட்டே பழையதை எடுக்க வேண்டும்.

லிண்டல் சோர்ந்து வருவதைச் சுவரே முன்கூட்டிச் சொல்லும். ஜன்னலின் மேல் மூலைகளிலிருந்து சாய்வாக மேலேறும் விரிசல், லிண்டலின் நடு அடிப்பகுதியில் செங்குத்தான விரிசல், திடீரென்று இறுகிக்கொள்ளும் கதவு ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றைச் சாந்து கொண்டு பூசி மறைப்பது நோயை மறைப்பதற்கு ஒப்பாகும். முதலில் முட்டுக் கொடுத்துப் பாரத்தைக் குறைத்து, பின்னர் பொறியாளரை அழைத்தல் வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர்கள் கேட்க வேண்டியவை

ஊராட்சியின் பொறுப்பில் அங்கன்வாடி, பள்ளிக் கழிப்பறை, நூலகம், கிடங்கு எனப் பல கட்டடங்கள் எழுகின்றன. அவற்றின் ஜன்னலுக்கு அருகில் அமர்வோர் நம் குழந்தைகளே. வேலையைப் பார்வையிடச் செல்லும் உறுப்பினர்கள் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பின்வரும் கேள்விகளைக் கேட்டால் போதும்:

திறப்பின் அகலம் என்ன? லிண்டலுக்கும் தளத்திற்கும் இடையே எவ்வளவு சுவர் இருக்கிறது? தளம் இச்சுவரில் அமர்கிறதா? லிண்டல் இரு புறமும் எவ்வளவு நீளம் சுவரில் அமர்கிறது? அடிக் கம்பிகள் எத்தனை, எந்த அளவு? சன்ஷேடின் கம்பி மேலே இருக்கிறதா? முட்டுகளை எடுக்கும் நாள் எது? மாடியில் தொட்டி எங்கே வரும்?

அகலத்தைப் போல் 0.866 மடங்கைவிட மேற்சுவர் குறைவாக இருந்து, தளமும் அச்சுவரிலேயே அமருமாயின், வழக்கப்படி போடும் கம்பியை ஏற்காமல், ஒன்றியப் பொறியாளரிடம் அந்த ஒரு லிண்டலுக்கேனும் தனிக் கணக்குக் கேட்டுப் பெறுதல் வேண்டும். அக்கணக்கைப் போட அவருக்கு அரை மணி நேரம் ஆகலாம். காங்கிரீட் கொட்டுவதற்கு முன்னர்க் கேட்டால் ஒரு கம்பியை மாற்றிக் குறையைத் தீர்க்கலாம். தளம் போட்ட பின்னர்க் கேட்டால் சுவரையே உடைக்க நேரிடும். ஆதலால் லிண்டல் மட்டத்திற்குச் சுவர் எழும்பும் அந்த வாரத்தில் உறுப்பினர் ஒருவரேனும் வேலையிடத்தில் இருப்பது என்ற ஒழுங்கை ஒவ்வோர் ஊராட்சியும் மேற்கொள்ளுமாயின், அது பொதுப் பணத்திற்கும் மக்கள் உயிருக்கும் ஒருங்கே காவலாக அமையும்.